எத்திக்ஸ் கமிட்டிக்கு மூன்று முறை அலைந்தேன்

நேற்று ராத்திரிதான் சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளைப் பதியும் இந்தியப் பதிவேடு) நம்பர் வந்தது. எம்.எஸ்சி. நர்சிங் டெசர்டேஷன். தலைச்சன் பிள்ளைக்காரிகளுக்குக் கர்ப்பகாலத்திலேயே பால் கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை பிறந்து 6 வாரத்தில் என்ன வித்தியாசம் தெரிகிறது என்று பார்க்கும் ஆய்வு. ப்ரொட்டோகால் என்கிற ஆய்வுத் திட்டம், கைடு கையெழுத்து எல்லாம் 3 வாரத்தில் முடிந்தன. ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதலுக்கும் இந்த நம்பருக்கும் 5 மாதம் ஆனது.

முதல் தடவை 12 செட் ஸ்பைரல் பைண்டிங்கோடு கமிட்டி ஆபீசுக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். "நிதி உறுதிமொழி எங்க?" என்றார் கிளார்க். ஆய்வுக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கும் தாள் அது. நோட்டீஸ் போர்டு பட்டியலில் அது இல்லவே இல்லை. "அது பழைய லிஸ்ட்" என்றார். அன்றுதான் கடைசி நாள், அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். என் கைக்காசில் செய்யும் ஆய்வுதான்; ஆனாலும் எழுத்தில் கேட்பதில் நியாயம் உண்டு. பால்பவுடர் கம்பெனிகள் மருத்துவப் பணியாளர்களின் ஆராய்ச்சிக்குப் பணம் தருவதை 1992-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. நம் துறையில் இருப்பவர்கள் அந்தத் தாளை முதலிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது தடவை கூட்டத்துக்குள் போனேன். புள்ளியியல் பற்றித்தான் குடைவார்கள் என்று தயாராகியிருந்தேன். கமிட்டியில் பொதுமக்கள் சார்பில் இருந்த அம்மா என் தமிழ்க் கேள்விப் படிவத்தைக் கையில் எடுத்தார். "தனித் தாய்ப்பாலூட்டல்னா யாருக்கும்மா புரியும்? எங்க ஊர்ல பொறந்ததும் சேனை வைப்பாங்க. அதை ஆகாரம்னே யாரும் நினைக்கிறதில்லை. பால் மட்டும்தானான்னு கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க."

திருத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் கேட்டேன். "தாய்ப்பால்தான்டி, வேற ஒண்ணும் குடுக்கலை" என்றார். கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததும், சர்க்கரைத் தண்ணி தொட்டு வைத்தது, குளிப்பாட்டிய பிறகு உரைமருந்து, கோடையில் ஒரு பாலாடை வெந்நீர் என்று ஒவ்வொன்றாக வந்தது. அந்த அம்மா சொன்னது அட்சரம் பிசகவில்லை. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தானா என்று பார்க்க, முந்தைய நாள் பகலிலும் இரவிலும் என்ன கொடுத்தார்கள் என்று கேட்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. 6 வாரக் குழந்தையின் தாயிடம் அப்படிக் கேட்டால் முதல் நாள் வைத்த சேனை கணக்கிலேயே வராது. அதனால் பிறந்த இரண்டு நாளுக்குத் தனிக் கேள்வி வைத்தேன். சேனை, தேன், கிரைப் வாட்டர், கழுதைப்பால், வெந்நீர் என்று பெயர் சொல்லியே கேட்டேன். அடுத்த கூட்டத்தில் ஒரே நிமிடத்தில் ஒப்புதல்.

மூன்றாவது அலைச்சல் அவர்கள் தவறால். கடிதத்தில் தலைப்பைத் தப்பாக டைப் செய்திருந்தார்கள். 'ஆன்டிநேட்டல்' (கர்ப்பகாலம்) என்பது 'போஸ்ட்நேட்டல்' (பிரசவத்துக்குப் பின்) ஆகியிருந்தது. சி.டி.ஆர்.ஐ. திருப்பி அனுப்பியது. "ஒரு வார்த்தைக்கெல்லாம் புது லெட்டர் தர மாட்டோம்" என்றார் அதே கிளார்க். நான் நகரவில்லை. மதியம் கமிட்டியின் உறுப்பினர் செயலரே வெளியே வந்து பார்த்தார், பத்து நிமிடத்தில் புதுக் கடிதம் கையில். லெட்டர் வாங்கினால் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

சி.டி.ஆர்.ஐ. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 2018 ஏப்ரலிலிருந்து, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். ஒரே ஒரு தாயை முன்னால் சேர்த்திருந்தாலும் எல்லாம் வீண்.

திங்கட்கிழமை ஓ.பி.யில் ஆரம்பிக்கிறேன். சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைக்கும் தாய்மாருக்குச் சாட்சியாக, என் ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். பக்கத்து வார்டு அக்கா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.