பிராம் முனையில் ஒரு தள்ளுவண்டி

நிலப்படத்தில் பெயர் எழுதும் வேலையில் பெரிய இடங்கள் தொல்லை தராது, சின்ன இடங்கள்தான் மாட்டிவிடும். அண்டார்டிக்காவின் ராஸ் தீவுக்குத் தமிழில் பெயர்கள் கேட்டார்கள். 3,794 மீட்டர் உயர எரபஸ் எரிமலையை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டேன். அதன் அடிவாரத்திலிருந்து தென்மேற்கே நாக்கு நீட்டினாற்போல ஒரு நிலத்துண்டு கிடக்கிறது. நீளம் சுமார் 24 கிலோமீட்டர், அகலம் மிஞ்சினால் ஐந்து. ஹட் பாயின்ட் தீபகற்பம். அதற்கு இரண்டு நாள் போயிற்று.

முதலில் 'தீபகற்பம்' என்று எழுதவே கை வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குத் தக்காணம் முழுக்கக் கண்ணில் விரியும். 'குடாநாடு' என்றால் யாழ்ப்பாணம். பனைக்கும் வயலுக்கும் எங்கே போவது? சரி, தீபகற்பமே இருக்கட்டும் என்று விட்டேன்.

அப்புறம் அந்த 'ஹட்'. 1902-இல் ஆங்கிலேய ஆய்வுப் பயணி ஸ்காட், டிஸ்கவரி என்ற கப்பலில் கொண்டுவந்த குழு அந்த முனையில் ஒரு மரக்குடில் கட்டியது. ஆஸ்திரேலியாவில் செய்து கொண்டுபோனது, மூன்று பக்கம் தாழ்வாரம் வேறு. அந்தக் குளிருக்கு அது எம்மாத்திரம்! ஆட்கள் பனியில் இறுகி நின்ற கப்பலிலேயே தங்கினார்கள். குடிலில் சாமான் வைத்தார்கள், நாடகம்கூடப் போட்டார்கள். அவர்கள் குடியிருக்காத அந்தக் குடில் முனைக்குப் பெயராகி, 1910–13-இல் வந்த ஸ்காட்டின் அடுத்த குழுவின் வாயில் நிலம் முழுமைக்கும் பெயராகிவிட்டது. ஆசையாக 'குடில் முனை' என்று எழுதினேன்.

அந்தத் தெம்பில், ஆங்கிலத்தில் பிராம் என்றால் குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டிதானே என்று, தென்கிழக்குக் கரையில் இருந்த பிராம் பாயின்ட்டைத் 'தள்ளுவண்டி முனை' ஆக்கிவிட்டேன். மெய்ப்புத் திருத்தும் பெரியவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அந்தக் குளிர்ல எந்தக் குழந்தையை வெச்சுத் தள்ளினாங்க?"

தேடிப் பார்த்தால், பிராம் என்பது ஒருவகைச் சிறு படகுக்கும் பெயர். கோடையில் அங்கிருந்து ராஸ் பனித்தட்டுக்குப் போக அந்தப் படகு தேவைப்பட்டிருக்கிறது. அதனால் அந்தப் பெயர். நியூசிலாந்தின் ஸ்காட் நிலையம் 1957 முதல் அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகு எந்தப் பெயரையும் நான் நம்பவில்லை. ஆர்மிட்டேஜ் முனை ஸ்காட்டின் துணைத் தலைவர் பெயர், தப்பித்தேன். "ஒன்றை மொழிபெயர்த்து இன்னொன்றை விட்டால் பிள்ளைகள் குழம்பும்" என்று மேலிடம் சொல்ல, என் குடிலும் போயிற்று; எல்லாம் ஒலிபெயர்ப்பே.

அச்சில் பிராம் பாயின்ட்டுக்கே இடமில்லை. 'ஹட் பாயின்ட் தீபகற்பம்' மட்டும் வந்திருக்கிறது. எழுத்து நிலத்தைவிட நீளம். 'தீபகற்பம்' முழுவதும் கடலில் நிற்கிறது.