ஆட்டமா, ஸ்கூட்டா

"என்ன மாப்ள, ஆட்டமா ஸ்கூட்டா?"

ஆடுகிறாயா, இல்லை ஸ்கூட் வைத்து, அதாவது ஆடாமல் சீட்டைக் கவிழ்த்து, விலகுகிறாயா என்று மாமா இரண்டாவது தடவை கேட்டுவிட்டார். நான் 13 சீட்டையும் விரிப்பதும் அடுக்குவதுமாக இருந்தேன்.

காலையில் முகூர்த்தம். மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து, காசு வைக்காமல், 101 ரம்மி. தோற்றால் புள்ளி ஏறும், 101-ஐத் தாண்டினால் வெளியே.

கையில் ஆட்டின் 5, 6. ஒரு ஜோக்கர். இரண்டு ராஜா. மற்றதெல்லாம் உதிரி.

ஆட்டின் 4 அல்லது 7 வந்தால் லைஃப், அதாவது ஜோக்கர் சேராத வரிசை. இரண்டு கட்டிலும் சேர்த்து அப்படி நாலே சீட்டுதான். அதில் ஒரு 7-ஐ எனக்கு முந்தியவர் எடுத்துச் செருகியதைக் கண்ணால் பார்த்தேன்.

என் கணக்கு 62. இப்போதே வைத்தால் 20 ஏறி 82. ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால் மிடில் ஸ்கூட், 40. மொத்தம் 102, ஆளே வெளியே. ஆடி மாட்டினால், லைஃப் இல்லாத கைக்கு 80 வரை எண்ணுவார்கள்.

நல்ல கை யோசிக்க வைக்காது. மோசமான கையும்தான். இந்த நடுவாந்தரக் கைதான் ஆளை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறது.

சின்ன வயதில் ஸ்கூட் வைப்பதைப் பயம் என்று நினைத்திருக்கிறேன். மாமா ஒரு ராத்திரிக்குப் பத்துத் தடவை வைப்பார். சீட்டைக் கவிழ்த்த கையோடு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளத் தொடங்கிவிடுவார். முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. அந்த நிதானம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

"ஸ்கூட், மாமா."

சரி என்று 82 எழுதினார்.

மூன்றாவது சுற்றில் அவர் எடுத்துக் கீழே போட்ட சீட்டு, ஆட்டின் 4.