தவளை விழுந்த சத்தம்

"தப்பான எழுத்தைத் தொட்டா என்ன ஆகும்னு பார்த்தீங்களா டீச்சர்?" என்றுதான், வகுப்புப் பிள்ளைகள் டேப்பில் எழுத்துப் பழக நான் ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்தபோது, தலைமையாசிரியர் கேட்டார். "பார்த்தாச்சு மேடம்" என்றேன். இத்தனை மாதம் கழித்தும் அந்தப் பதிலிலேயே மனம் போய் நிற்கிறது.

முழுப் பொய் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து ஐந்து செயலிகளைப் பார்த்தவள் நான். விளம்பரம் வருமா, இணையம் இல்லாமல் ஓடுமா, நடுவில் பணம் கேட்குமா, குழந்தையின் பெயரும் குரலும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பட்டியல் போட்டுத்தான் பார்த்தேன். ழகரத்தை ளகரமாகச் சொன்ன ஒன்றை முதல் நிமிடத்திலேயே மூடினேன். இன்னொன்றில் 'அ'வை வாலிலிருந்து தலைகீழாக இழுத்தாலும் நட்சத்திரம் வந்தது, அதையும் தள்ளினேன். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, நம் பிள்ளைகளுக்கு ஐந்து வயது ஆகிவிட்டாலும் பத்து நிமிடம் போதும் என்றதும் நான்தான்.

ஆனால் ஐந்து செயலிகளிலும் கிட்டத்தட்ட எப்போதும் சரியான விடையைத்தான் தொட்டுக்கொண்டே போயிருக்கிறேன். விடை தெரிந்தவளுக்குத் தப்பாகத் தொடக் கை வராது. தேர்ந்தெடுத்த செயலியில் ஒரே ஒரு தடவை தவறாகத் தொட்டேன். ஏதோ சத்தம் வந்தது, அடுத்த கேள்வி வந்தது, சரி என்று விட்டுவிட்டேன். மேடத்துக்கு டேப் என்றாலே கொஞ்சம் ஒவ்வாமை. அந்தக் கேள்வியையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

அந்தச் 'சத்தம்' என்ன என்று சொல்லிவிடுகிறேன். குளத்தில் மூன்று இலைகள், அவற்றில் ல, ள, ழ. குரல் ஒரு எழுத்தைச் சொல்லும். சரியான இலையைத் தொட்டால் தவளை தாவி அதன்மேல் உட்காரும், ஒரு நட்சத்திரம் வரும். தப்பானதைத் தொட்டால் இலை சாயும், தவளை தொபுக்கென்று தண்ணீரில் விழும், முழி பிதுங்க மேலே வந்து வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சும். இதில் எது பரிசு, எது தண்டனை? ஐந்து வயதுக்காரரைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்.

என் வகுப்பில் ஒரு சிறுமிக்கு மூன்று நாள் தொடர்ந்து 15-க்கு 0 வந்தது. செயலியின் அறிக்கையில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு. அதைப் பார்த்துவிட்டு அவள் அம்மாவிடம், "எழுத்துல கொஞ்சம் பின்தங்கியிருக்கா, வீட்ல உக்காந்து சொல்லிக் குடுங்க" என்றேன். மென்மையாகத்தான் சொன்னேன். மென்மையாகச் சொன்னால் மட்டும் என்ன?

மூன்று இலைகளில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பதினைந்துக்குச் சுமார் ஐந்து சரியாக விழும். மூன்று நாளும் ஒன்றுகூடச் சரியில்லை என்றால் பிள்ளைக்கு எல்லா எழுத்தும் தெரியும் என்று அர்த்தம். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. சிவப்பைப் பார்த்ததும் கணக்கு மறந்துவிட்டது.

அடுத்த வாரம் தற்செயலாக அவள் பின்னால் குனிந்து நின்றேன். குரல் 'ழ' என்றது. அவள் விரல் நேராக ழ இலைக்குத்தான் போனது. தொடுவதற்கு ஒரு நூல் இடைவெளியில் நின்று, நகர்ந்து, ள-வைத் தொட்டது. தவளை விழுந்தது. அது மேலே வருவதைப் பார்க்க முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டாள்.

"ழ எதுடா?"

"இதான் டீச்சர். அதைத் தொட்டா சும்மா உக்காந்துக்கும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்கு நீச்சல் தெரியும் டீச்சர், ஒண்ணும் ஆகாது" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

2015-இல் கேத்தி ஹிர்ஷ்-பசெக்கும் வேறு சில ஆய்வாளர்களும் குழந்தைகளுக்கான கல்விச் செயலிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தையின் மூளை வேலை செய்யவேண்டும், கவனம் சிதறக்கூடாது, கற்பது அதற்கு அர்த்தமுள்ளதாக இருக்கவேண்டும், இன்னொருவரோடு பேசிப் பழக இடம் வேண்டும் என்று நான்கு அளவுகோல்கள். என் பட்டியலின் கடைசிப் பக்கமே அதுதான். கவனம் சிதறாது என்பதற்கு எதிரே குறி போட்டிருக்கிறேன், தவளையை வைத்துக்கொண்டு! நான்காவதற்கு எதிரே 'ஆசிரியர் உடன் இருப்பார்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. நான்கு பேர் டேப்போடு இருந்தால் மற்றவர்கள் என்னோடு இருப்பார்கள். அதற்காகத்தானே டேப் கேட்டோம்?

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "செயலியில சின்னக் கோளாறு, அவளுக்கு எல்லாம் தெரியுது" என்றேன். கோளாறு யாருடையது என்று சொல்லவில்லை. "அப்படியா டீச்சர்? தினம் ராத்திரி அழ அழ எழுத வச்சோமே" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.

தவளையை எடுத்துவிட்டு வேறொன்று போட்டுப் பார்த்தேன். தப்பாகத் தொட்டால் எதுவும் நடக்காது, எழுத்தை மறுபடி நிதானமாகச் சொல்லும், அவ்வளவுதான். என் அளவுகோல்படி அதுதான் நல்ல செயலி. மூன்றாம் நாள் ஒருவரும் டேப் பக்கம் வரவில்லை. தவளை திரும்பி வந்துவிட்டது. விழுந்தாலும் ழ-வைக் காதில் கேட்கிறார்களே என்று ஒரு சமாதானம். அறிக்கையை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். இருந்தாலும் மாலையில் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நேற்று ஒருவனுக்கு 15-க்கு 4. குருட்டாம்போக்கில் தொட்டாலும் அவ்வளவு வரும். நடுநடுவே தவளையைக் குளிப்பாட்டியிருந்தாலும் வரும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். இன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை.