துவாய் கட்டின விவசாயி

"தம்பி, நீங்க கீறுற விவசாயி ஒருநாளும் எங்கட ஆளா இருந்ததில்லையே."

கிழக்கிலங்கையில, சம்மாந்துறையில ஒரு நெல்லு மில்லுக்கு முன்னால வெச்சு ஒரு முஸ்லிம் காக்கா சொன்னாரு, நான் பேப்பருக்குக் கீறுற கார்ட்டூன்ல வாற விவசாயியப் பத்தி. கோவத்தில இல்ல, நெல்லு மூட்டையில கைய வெச்சுக்கிட்டு சும்மாதான். நான் டக்கெண்டு, இல்ல காக்கா, நான் திருநீறும் போடுறல்ல தொப்பியும் போடுறல்ல, தலையில ஒரு துவாய், மடிச்சுக்கட்டின சாரன், அவ்வளவுதான், அது ஆராவும் இருக்கலாம் எண்டன். "குறி ஒண்டும் இல்லாட்டி அது உங்கட ஆள்தானே மனே" எண்டாரு. மறுகா லொறி வந்திட்டு, அவர் அங்கால போயிட்டாரு.

அதுக்குப் பிறகு எத்தின தரம் மனசுக்குள்ள அவருக்குப் பதில் சொல்லிட்டன். கார்ட்டூன்ல ஒரு கோடும் சும்மா இருக்காது, அத அவருக்கு விளங்கப்படுத்தியிருக்கணும். 2021 மே மாசம் அரசாங்கத்தில ரசாயன உர இறக்குமதிய நிப்பாட்டினாங்க, நவம்பர்ல திரும்ப விட்டாங்க, அதுக்கிடையில யூரியா இல்லாம பயிர் மஞ்சளிச்சுப்போன வயல் வட்டையில தமிழன்ட வயல் முஸ்லிம்ட வயல் எண்டு வித்தியாசம் இருந்துதா? வயலுக்குப் பாயுற சேனநாயக்க சமுத்திரக் குளத்துத் தண்ணி ஆள் பார்த்தா பாயுது? அந்த நேரம் என்ட ஆளுக்கு நான் தொப்பி போட்டிருந்தா பார்க்கிறவங்க அத முஸ்லிம் விவசாயிட பிரச்சினை எண்டுதான் வாசிப்பாங்க, உரம் பின்னுக்குப் போயிரும். இத நான் இப்பவும் நம்புறன்.

ஆனா அப்ப திருநீறு போட்டா அது தமிழ் விவசாயிட பிரச்சினை, ஒண்டும் போடாட்டி எல்லாரிட பிரச்சினை, இது எப்படி? அந்த இடத்திலதான் நிக்கன்.

கார்ட்டூன்காரர் சுந்தர் கீறின சவாரித்தம்பர் யாழ்ப்பாணத்து ஆள், இன்னொரு கார்ட்டூன்காரர் விஜேசோமட புஞ்சி சிங்ஞோ சிங்கள ஆள், ரெண்டு பேரையும் பார்த்த உடன தெரியும். கிழக்குக்கு அப்படி ஒராள் வேணும் எண்டு எனக்குச் சரியான ஆசை. அந்த ஆசையிலதான் இந்தத் துவாய்க்காரன உண்டாக்கினன்.

அலுமாரியில கிடந்த பழைய ஸ்கெட்ச் புக்குகள எடுத்துப் பார்த்தன். காத்தான்குடி பஸ்ஸில நித்திரையாகி தொப்பி கண்ணுக்கு மேல சரிஞ்சு கிடக்கிற ஆள். ஏறாவூர்ச் சந்தையில விரால் விக்கிறவர். மழைக்கு உரப்பைய ஒரு மூலைய உள்ளுக்குக் குத்தி தலையில கவுத்துக்கிட்டு வரம்பில குந்தியிருக்கிற அக்கரைப்பற்று ஆள், தாடியில தண்ணி சொட்டுறதக்கூட பேனையால புள்ளி புள்ளியா வெச்சிருக்கன். எல்லாரும் இருக்காங்க. பேப்பர்ல வந்தது ஒருத்தரும் இல்ல. கிழமைக்கு ஒண்டு, வியாழன் பின்னேரம் ஸ்கேன் பண்ணி அனுப்பியே ஆகணும், புதன் ராவு வரைக்கும் விசயம் என்ன எண்டே பிடிபடாது, அந்த அவதியில கை தனக்குத் தெரிஞ்ச ஆளத்தான் கீறும். அந்தத் துவாய்க் கட்ட உத்துப் பார்த்தா அது எங்கட அப்பா வயலுக்குப் போகக்குள்ள கட்டுற கட்டு, முன்னால முடிச்சு, ஒரு நுனி காதுக்கு மேல. அத நான் யோசிச்சு வெக்கல்ல, தானா வந்திருக்கு.

தொப்பியோட ஒராள், திருநீறோட ஒராள் எண்டு ரெண்டு பேரையும் ஒரே வரம்பில நிப்பாட்டியும் பார்த்தன். சண்டை முடிஞ்ச காலத்தில தொண்டு நிறுவனங்கள் ஒட்டின சமாதானப் போஸ்டர் மாதிரி வந்திச்சு. அதில கோவம் இல்ல, விவசாயிட பசி இல்ல, ரெண்டு பேரும் கமராவுக்குச் சிரிக்கிற மாதிரி நிண்டாங்க. கிழிச்சுப் போட்டன்.

இந்தக் கிழமையும் நெல்லு விலைதான் விசயம். துவாய்தான் கட்டுவன் எண்டு நினைக்கன், அதில எனக்கு மாத்தம் இல்ல. முகத்துக்கு மட்டும் அந்த உரப்பை ஆள எடுத்துப் பார்க்கப்போறன், தாடியோட. பென்சில்ல வந்திட்டு. பேப்பர் ஆசிரியர் என்ன சொல்லுவாரோ தெரியா. தாடியையும் துவாயையும் ஒண்டாப் பார்த்திட்டு இது ஆர் எண்டு கேட்டா, விவசாயி எண்டுதான் சொல்லுவன்.