"பரவல், உறுதி செய்யவும்"

பேத்தாலஜி லேப்ல இருக்கிற எங்களுக்கு பேஷண்ட் முகமே தெரியாது, ஃபார்மும் ஃபார்மலின் டப்பாவும்தான். அன்னிக்கு வந்தது 58 வயசு அம்மா. இடது பிரெஸ்ட்ல கேன்சர்னு போன வாரம் நான்தான் ரிப்போர்ட் குடுத்தேன், இப்ப வலது நுரையீரல்ல ஒரு கட்டி, ஊசி போட்டு எடுத்த பயாப்சி, ஃபார்ம்ல "பரவல், உறுதி செய்யவும்"னு எழுதியிருந்துச்சு. இந்த "உறுதி செய்யவும்"தான் ஆபத்து, நம்ம கண்ணும் அதையே தேட ஆரம்பிச்சிடும்.

டப்பாவுல ரெண்டு துணுக்கு, உடைஞ்ச சேமியா மாதிரி. ஸ்லைடுல வளையம் வளையமா செல்லுங்க, அடினோகார்சினோமா (சுரப்பி செல்லுங்கள்ல வர்ற கேன்சர்), அதுல சந்தேகமே இல்ல. ஆனா பிரெஸ்ட்லேர்ந்து வந்ததும் இப்படி இருக்கலாம், நுரையீரல்லயே பொறந்ததும் இப்படி இருக்கலாம். பரவல்னு பாதி ரிப்போர்ட் டைப் பண்ணிட்டேன், உண்மையச் சொல்றதுல என்ன. அப்புறம் எதுக்கும் இருக்கட்டும்னு போன வார ஸ்லைட எடுத்து மாத்தி மாத்திப் பாத்தேன். ரெண்டும் ஒத்துப்போகவே இல்ல.

ஐஎச்சி (செல்லுல இருக்கிற புரோட்டீன நிறம் போட்டுக் காட்டுற டெஸ்ட்) போடலாம்னா டெக்னீஷியன் அக்கா, துணுக்க மெழுகுல பதிச்சு வச்ச பிளாக்க வெளிச்சத்துல தூக்கிக் காட்டி, "இதான் மேடம் மிச்சம், ஆறு மார்க்கர் கேட்டீங்கன்னா காலி, அப்புறம் ஈஜிஎஃப்ஆருக்கு என்னத்த அனுப்புவீங்க?"ன்னாங்க. நியாயம்தான், எந்த மருந்து வேலை செய்யும்னு பாக்குற ஈஜிஎஃப்ஆர் ஜீன் டெஸ்டுக்கும் துணுக்கு மிச்சம் வேணும். ரெண்டே ரெண்டு போட்டோம், நுரையீரலுக்கு டிடிஎஃப்-1, பிரெஸ்டுக்கு கேட்டா-3. (பிரெஸ்ட் கேன்சர்ல வழக்கமா பாக்குற ஈஆர் மார்க்கர் ஒண்ண மட்டும் நம்பக்கூடாது, நுரையீரல் கேன்சர்லயும் சில சமயம் பிடிக்கும்.)

மறுநாள் பாத்தா டிடிஎஃப்-1ல ஒவ்வொரு நியூக்ளியஸும் காப்பிப்பொடி தூவின மாதிரி பிரவுன், கேட்டா-3 சுத்தமா இல்ல, வெறும் நீலம். பிரெஸ்ட் பிளாக்குல அப்படியே தலைகீழ். ரெண்டும் தனித்தனி கேன்சர்னு சொல்ல, 1932ல வாரன், கேட்ஸ்னு ரெண்டு டாக்டருங்க சொன்ன ரூல்தான் இன்னிக்கும்: ரெண்டும் கேன்சரா இருக்கணும், தனித்தனியா இருக்கணும், ஒண்ணோட பரவல் இன்னொண்ணு இல்லன்னு ஆகணும்.

ரெண்டு கேன்சர்னு தெரிஞ்சு ஒருத்தி சந்தோஷப்படுவாளான்னா, நான் பட்டேன். பரவல்னா நாலாவது ஸ்டேஜ், பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சே கிடையாது. தனித்தனின்னா ரெண்டையும் எடுத்துட வழி இருக்கு.

ஆன்காலஜி சாருக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "வீட்டாளுங்ககிட்ட ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு எப்படிம்மா சொல்றது"ன்னாரு. அப்புறம் அவரே, "சரி, ஈஜிஎஃப்ஆருக்கு பிளாக்ல ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த அக்கா திரும்பி என்ன ஒரு பார்வை பாத்தாங்க.