இரண்டாவது ஏர் பியூரிஃபையர்

மகனுக்கு ஏழு வயது. இரண்டு ஆண்டுகளாக, விடிந்தால் தும்மல்தான். மூக்கடைப்பு, கண் அரிப்பு எல்லாம் சேர்ந்து வரும். பள்ளிக்குப் போனால் குறையும். இரவு படுத்து எழுந்தால் மறுபடியும் அதே கதை. தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனையில் ஆஸ்பெர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம் என்ற இரண்டு பூஞ்சைகளுக்கும் தோல் தடித்துவிட்டது.

அந்த வாரமே அவசரமாக ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கினேன். 500 சதுர அடிக்குப் போதும் என்று பெட்டியில் போட்டிருந்தது. காற்றிலுள்ள துகள்களுக்கு மின்னேற்றம் தரும் அயனியாக்கி, கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு எல்லாம் உண்டு. ஹாலில் வைத்து ஒரு மாதம் ஓட்டினோம். தும்மல் கொஞ்சமும் குறையவில்லை.

அடுத்து எந்த மெஷின் வாங்கலாம் என்று டாக்டரிடம் கேட்டேன். "முதல்ல வீட்டுல ஈரம் எங்க இருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். ஈரப்பதமானி வாங்கி வைத்துப் பார்த்தோம். ஹாலில் 58 சதவீதம், அவன் படுக்கும் அறையில் 72. வீட்டுக்குள் 50-க்குக் கீழே இருப்பது நல்லது, 60-ஐத் தாண்டவே கூடாது. துணி அலமாரியை நகர்த்தியதும் விடை கிடைத்தது. சுவரில் இரண்டு முழ அகலத்துக்குக் கருகருவென்று பூஞ்சை. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. உள்ளே போகும் குழாயின் இணைப்பில் நீர் கசிந்துகொண்டிருந்தது. குழந்தையின் தலையணையிலிருந்து நாலு அடி தூரம்! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவனை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினோம். குழாயைச் சரிசெய்து, ஊறிப்போன பூச்சைப் பெயர்த்து எடுத்தோம். என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுற்றியிருந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தோம். காய்ந்த பூஞ்சையைத் தேய்த்தால், விதை போல அதைப் பரப்பும் நுண்ணிய வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். சுவர் நன்றாகக் காயும்வரை பெயிண்ட் அடிக்கவில்லை. ஈரத்தின் மேல் அடித்தால் பூஞ்சை திரும்ப வந்துவிடும்.

அதற்கு அப்புறம்தான் இரண்டாவது மெஷினைத் தேடினேன். ஃபில்டரைப் பொறுத்தவரை குழப்பமே இல்லை. பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கும். உண்மையான ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளிலேயே 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். 'ஹெப்பா வகை', 'ஹெப்பா போன்ற' என்று எழுதியிருந்தவற்றை ஒதுக்கினேன். அயனியாக்கி இருப்பதையும் ஒதுக்கினேன், ஏனென்றால் சிலவற்றில் ஓசோன் வெளியாகி மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். புற ஊதா விளக்கைக் காற்று ஒரு நொடிக்குள் கடந்துவிடுகிறது. அப்படியே வித்து செத்தாலும், செத்த வித்தும் அலர்ஜியைக் கிளப்பும். அதைப் பிடித்து வைப்பதுதான் வேண்டும். வாடை போக்கும் கார்பன் ஃபில்டரைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

பார்க்க வேண்டிய எண் சி.ஏ.டி.ஆர்., அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்பது. எங்கள் அறை 12-க்கு 10 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 1,200 கன அடி, சுமார் 34 கன மீட்டர். அலர்ஜி இருக்கும் அறையில் மணிக்கு ஐந்து முறையாவது காற்று முழுவதும் சுத்தமாக வேண்டும் என்று கணக்கு வைத்தேன். அப்படியென்றால் 170 தேவை. பெட்டியில் போடும் சதுர அடி பல நேரங்களில் மணிக்கு ஓரிரு முறை என்ற கணக்கில் வருவது. இன்னொன்று, சி.ஏ.டி.ஆர். மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது அளந்தது. அந்தச் சத்தத்தில் எந்தக் குழந்தை தூங்கும்? அதனால் 300-க்கு மேல் உள்ளதை வாங்கி, நடு வேகத்தில் ஓட்டுகிறோம். கதவு, ஜன்னல் மூடியிருக்கும். மெஷின் சுவரை ஒட்டாமல் தள்ளி நிற்கும்.

மூன்று மாதம் ஆகிறது. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே இன்னும் தொடர்கிறது. காலையில் இரண்டு மூன்று தும்மலோடு எழுந்து போய்விடுகிறான். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறோம். வாரம் ஒருமுறை டார்ச் அடித்து அங்கே பார்க்கிறேன். ஈரப்பதமானி அவன் கட்டிலுக்கு அருகிலேயே இருக்கிறது. இன்று காலை 49 காட்டியது.