ஏழாம் எண் கொட்டில்

ஜூன் 14
ஏழாம் எண் பன்றியை இணை சேர்த்த நாள் மார்ச் 5 என்று ஆயா கொட்டில் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார். அதிலிருந்து பன்றியின் சினைக்காலமான 114 நாளை எண்ணினால் ஜூன் 27 வருகிறது. மாதத்தையெல்லாம் முப்பது நாளாக வைத்துக் கூட்டிய மாணவர்களுக்கு 29 வந்தது. "மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள்" என்ற ஆயாவின் கணக்கிலும் 29 தான் வந்ததால், என்னைத் தவிர எல்லோரும் ஒரு கட்சி.

ஜூன் 16
கத்திரி முடிந்தும் வேலூர் வெயில் இறங்கவில்லை. உடலைக் குளிர்விக்கும் அளவுக்குப் பன்றிக்கு வியர்ப்பதில்லை என்று வகுப்பில் சொன்னபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிற்பகல் 2 மணிக்கு ஏழாம் எண் வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கியதும், சொல்லாமலே ஒரு சிறுமி வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். சேற்றில் ஏன் புரளுகிறது என்பதற்கு அப்புறம் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 18
மாணவன் ஒருவனின் அப்பா வந்திருந்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். டேனரியில் ஷிப்டு முடித்து நேரே வந்தவரின் சட்டையிலிருந்து பதனிட்ட தோலின் வாடை வந்துகொண்டிருந்தது. "இந்த நாத்தம் என்னோட போகட்டும்னுதான் சார் அவனைப் படிக்க அனுப்பறேன், நீங்க பன்னி மேய்க்கக் கூட்டிப்போறீங்களே" என்றார். நான் வெண்பன்றி, தீவனச் செலவு, எட்டு மாதத்தில் என்ன எடை வரும் என்றெல்லாம் அடுக்கினேன்; அவர் கேட்டது இவை எதையும் பற்றியன்று என்பது பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்தது. "படிக்காவிட்டால் பன்றிதான் மேய்ப்பாய்" என்று எத்தனை ஆண்டுகள், எத்தனை பிள்ளைகளிடம் இந்த வாயாலேயே சொல்லியிருக்கிறேன்! கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்களில் யார் வீட்டில் உண்மையாகவே பன்றி வளர்த்தார்கள் என்று அன்று யோசித்ததில்லை; இன்று யோசித்தாலும் முகங்கள் நினைவுக்கு வரவில்லை.

ஜூன் 19
அவன் கொட்டிலுக்கு வரவில்லை.

ஜூன் 21
மதிய உணவில் மிஞ்சுவதைக் கொண்டுவந்து போடலாமே என்றார் உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர். ஆயா வேண்டவே வேண்டாம் என்றார், அவர் சொன்னதே சரி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020ஆம் ஆண்டு அசாமில் தென்பட்டபின், எச்சில் உணவை நன்றாகக் கொதிக்க வைக்காமல் கொடுப்பது கொட்டிலையே காலியாக்கும் வேலை. மனிதருக்கு அது தொற்றாது, ஆனால் பன்றிக்கு மருந்து கிடையாது. நாடாப்புழுவைப் பற்றியும் பேசினோம். மூளையில் அந்தப் புழுவின் கட்டி தங்கி வலிப்பு வருவதை நம் ஊர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். முட்டை மனிதக் கழிவிலிருந்துதான் பன்றிக்குப் போகிறது என்றதும், "அப்போ தப்பு நம்ம மேலதானா சார்?" என்று ஒருவன் கேட்டான். இதை அன்று வந்த அப்பாவிடம் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் அவர் கேட்டது நோயைப் பற்றியுமன்று.

ஜூன் 25
குட்டிகளுக்கான மூலையில் பல்பு மாட்டியாயிற்று. கரண்ட் இருக்க வேண்டும்.

ஜூன் 27
ஒன்றுமில்லை. ஆயா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஜூன் 28, நள்ளிரவு
27-உம் இல்லை, 29-உம் இல்லை. மாலையிலேயே வைக்கோலை வாயால் கவ்விக் கவ்விக் குவித்துக்கொண்டிருந்தது. காம்பை அழுத்தினால் பால் வந்தது. அம்மாக்களோடு இரண்டு பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். 9:40க்கு முதல் குட்டி, சவ்வோடு வழுக்கி விழுந்தது. ஆயா மூக்கையும் வாயையும் துடைத்து, தொப்புள் கொடியை நூலால் கட்டி, அயோடினில் தோய்க்கக் கற்றுக்கொடுத்தார். ஆறாவது வரும்போது கரண்ட் போயிற்று. செல்போன் வெளிச்சத்தில், சாக்கு விரித்த கூடையில் குட்டிகளை நெருக்கி வைத்தோம். மொத்தம் பதினொன்று, ஒன்று செத்தே பிறந்தது. காய்கறித் தராசில் கடைசிக் குட்டி 700 கிராம். படுக்கும்போது தாய் நசுக்காமலிருக்கச் சுவரோரம் பதித்த குழாய்க்கும் சுவருக்கும் நடுவே அது புகுந்துகொண்டதைப் பார்த்தபின்தான் பஸ் ஏறினேன். இல்லை, பஸ் போய்விட்டிருந்தது, நடந்தேன்.

ஜூன் 30
ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டு, அதை விட்டு மாறுவதில்லை என்று நோட்டில் படம் போட்டிருக்கிறாள் அந்தச் சிறுமி. பால் அதிகமுள்ள முன்காம்புகள் வலுத்ததுகளுக்கு, சவலைக்குக் கடைசி.

ஜூலை 1
மூன்றாம் நாள், இரும்புச்சத்து ஊசி. தாய்ப்பாலில் இரும்பு போதாது, சிமெண்டுத் தரையில் மண்ணும் கிடைக்காது. அந்தக் காலத்தில் செம்மண் கட்டியைத்தான் உள்ளே போடுவோம் என்றார் ஆயா. கால்நடை மருத்துவரும் தலையாட்டினார்.
பள்ளி வராந்தாவில், கொட்டிலுக்கு வராமல் நின்றுவிட்ட அவன் என்னை நிறுத்தி, "கடைசிக் குட்டி எவ்வளவு சார்?" என்றான். 810 என்றேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

ஜூலை 3
930. இன்றும் கேட்டான்.

ஜூலை 5
ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. வராந்தாவில் மணியடிக்கும் வரை நின்றேன், அவன் இல்லை.